சொக்கிக்கு வைத்த கம்பிச் சுருள்

1988ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் ஒன்பதாம் நாள், செவ்வாய்க்கிழமை காலை, கோலாலம்பூருக்கு வடக்கே, மலைமேல், கம்போங் ராஜாவை அடுத்துள்ள தேயிலைத் தோட்டத்தின் மேற்பிரிவில், ஆள் பேர் எடுக்கும் பெரட்டுக் களத்துத் தூணில் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டது. தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் உள்ள நோய்ப்பட்ட நாய்கள் அனைத்தும் வரும் சனிக்கிழமை சுடப்படும் என்பது அதன் வாசகம். இது அநியாயம். மேற்பிரிவில் நோய்ப்பட்ட நாய் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஒன்றைக் கொல்வதற்குப் பன்மையில் ஆணை எழுதிய மேலாளருக்கு, அந்த ஒன்றின் பெயரை எழுதத் துணிவு வரவில்லை. அதன் பெயர் சொக்கி. அதை வளர்த்தவர் கொழுந்து வெட்டும் அம்மாக்கண்ணு. தோட்டத்தில் இருபது ஆண்டு உழைத்தவர். ஒரு நாள்கூடப் பெரட்டுக்குப் பிந்தி வராதவர்.

அறிவிப்பை அம்மாக்கண்ணு தாமே படித்தார். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்புவரை படித்த எழுத்து அவருக்கு மறக்கவில்லை. படித்து முடித்ததும் தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டினார். பனி கண்ணுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற காளியம்மாவின் முகம்கூட அரைகுறையாகத்தான் தெரிந்தது.

அந்த நாயின் கதையை இங்கே சொல்லியாக வேண்டும்.

முந்தின ஆண்டு ஆடி மாதம், பள்ளத்தை ஒட்டிய சரிவில் பெண்கள் வரிசை பிடித்துக் கொழுந்து வெட்டிக்கொண்டிருந்தார்கள். கையால் கிள்ளிய காலம் போய், பெட்டி பொருத்திய கத்தரி வந்துவிட்ட காலம் அது. கத்தரிச் சத்தத்தில் வேறெதுவும் காதில் விழாது. காட்டுப்பன்றி ஒன்று பள்ளத்திலிருந்து ஏறி நேராக அம்மாக்கண்ணுவின் மேல் வந்தது. அவர் திரும்புவதற்குள் சொக்கி இடையில் பாய்ந்தது. பன்றியின் கோரைப்பல் நாயின் விலாவுக்குக் கீழே இறங்கியது. பெண்கள் கூச்சலிட்டுக் கத்தரியை வீச, பன்றி சரிவில் உருண்டு ஓடிற்று. அம்மாக்கண்ணுவின் கணவர் சிங்காரம், புல்லுக்கு மருந்து தெளிக்கும் வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்து, நாயைக் கோணிச்சாக்கில் தூக்கிக்கொண்டு இறங்கினார். மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் குழைத்து அப்பினார்கள். புண் ஆறியது. வெளியே தோல் கூடியதை எல்லாரும் பார்த்தார்கள். உள்ளே எது எதனோடு கூடியது என்பதை ஒருவரும் பார்க்கவில்லை.

தீபாவளிக்குப் பிறகு சொக்கியின் வயிறு பெருத்தது.

மேற்பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. நாய்க்குட்டியை யாரும் விலைக்கு வாங்குவதில்லை. குட்டி வேண்டுபவர் தாய் நாயின் கஞ்சிக்குத் தம் வீட்டிலிருந்து அரிசி கொண்டுவந்து போடவேண்டும். அதற்குக் குட்டியரிசி என்று பெயர். போட்ட அரிசியைத் திருப்பிக் கேட்பது இழிவு. பன்றியை மறித்த நாயின் குட்டி என்றால் கேட்கவா வேண்டும்? லயம் முழுவதும் அரிசியோடு வந்தது.

"எங்க வீட்டுக்கு ரெண்டு குட்டி லா," என்றார் காளியம்மா, அந்த ஊர்ப் பேச்சில் ஒட்டிவரும் ‘லா’வோடு, முறத்து அரிசியைக் கொட்டியவாறே. "ஒன்னு வாசல்ல கெடக்கட்டும். இன்னொன்னு எம்புருசனக் காலையில கடிச்சு எழுப்பறதுக்கு."

"கடிக்கிற குட்டியா பாத்து ஒங்களுக்கே எடுத்து வைக்கிறேங்க்கா," என்றார் அம்மாக்கண்ணு. அந்த நாள்களில் அவருக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமன்று.

பொங்கல் வந்தது, குட்டி வரவில்லை. சொக்கியின் முதுகெலும்பு மேலே துருத்தியது. வயிறு மட்டும் தரையைத் தொட்டது. படுத்தால் மூச்சு முட்டியதால், நாய் நின்றுகொண்டே கண்ணயரப் பழகிற்று.

"என்னாடி அம்மாக்கண்ணு, ஒன் நாயி ஆனக்குட்டியா போடப் போவுது?" என்று காளியம்மா தண்ணீர்க் குழாயடியில் எல்லார் முன்னிலையிலும் கேட்டார். "எங்க அரிசியெல்லாம் எங்கடி போச்சு?"

அம்மாக்கண்ணு வாளியை நிறைக்காமலே வீட்டுக்குத் திரும்பினார்.

காளியம்மாவின் பசுவுக்கு மருந்து கொடுக்க வந்த அரசாங்கக் கால்நடை மருத்துவர் நவமணிதான் முதலில் உண்மையைக் கண்டவர். முப்பது வயதுகூட நிரம்பாத பெண். ரப்பர்ச் செருப்போடு சேற்றில் நடந்து வந்து, சொக்கியின் வயிற்றில் ஒரு கையை வைத்து மறு கையால் தட்டினார். வயிறு அலையடித்தது.

"இது சினை இல்லக்கா. வயிறு முழுக்கத் தண்ணி."

ஊசி போட்டு நீரை இறக்கியபோது, இரண்டாம் முறை வடித்த தேத்தண்ணீரின் நிறத்தில் வாளி நிறைந்தது. அரிசி போட்ட பெண்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

"அப்ப சரியாப் போயிருமா, டாக்டரம்மா?"

"மறுபடி ஊறும். பன்னி குத்துன எடத்துல உள்ளுக்குள்ள தழும்பு விழுந்து இறுகியிருக்கணும். கீழருந்து நெஞ்சுக்கு ரத்தம் ஏர்ற பெரிய கொழா ஒன்னு இருக்கு. தழும்பு அத நெருக்குது. ஏற வழியில்லாம ரத்தம் தேங்குது, தேங்கின எடத்துலருந்து தண்ணி கசியுது. நான் எறக்கிக்கிட்டே இருக்கலாம். கொழா தொறந்தாத்தான் நாய் பொழைக்கும்."

"தொறக்கிறதுக்கு ஆள் இருக்கா?"

நவமணி ஊசியைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். "கீழ, கோலாலம்பூர்ப் பக்கத்துப் பெரிய மிருக ஆஸ்பத்திரியில ஒருத்தர் இருக்காரு. வெளிநாட்டுல படிச்சவரு. கம்பிச் சுருள் ஒன்ன கொழாக்குள்ள விட்டு விரிக்கலாம்னு சொல்றாரு. இந்த ஊர்ல இதுவரைக்கும் யாரும் செஞ்சதில்ல. நான் அவருகிட்ட பேசிப் பாக்குறேன்."

அவர் பேசி முடிப்பதற்குள்தான் அந்த அறிவிப்பு வந்தது. சீனப் பெருநாளுக்குக் கம்பெனியின் பெரிய மனிதர்கள் தோட்டத்தைப் பார்க்க வருகிறார்களாம். வீங்கிய வயிற்றோடு நாய் நடமாடினால் தோட்டத்துக்கு இழுக்காம்.

பெரட்டுக் களத்தில், தோட்டக் கணக்கு எழுதும் கிராணி தங்கையா பேர் கூப்பிடத் தொடங்கினார். முதல் பேர் காளியம்மா. மறுமொழி இல்லை. இரண்டாம் முறை கூப்பிட்டார்.

"இருக்கேன், இருக்கேன். எங்க போயிட்டேன்?" என்றார் காளியம்மா. "கிராணியாரே, அந்தக் காயிதத்துல யாரு நாயச் சுடப் போறாங்களாம்?"

"நோவு வந்த நாய, லா. எனக்கு எதுக்கு இந்தத் தொந்தரவு, சூசா எல்லாம் குடுக்கிறீங்க? தொரை சொன்னாரு, ஒட்டினேன்."

"அது வயித்துல போனது எங்க அரிசி. எங்களக் கேக்காம எவன் சுடுவான்?"

"அரிசி போட்டா நாயி ஒங்களுதா ஆயிருமா?"

"பின்ன, தொரை போட்டாரா? ஒரு சிரங்கை அரிசி போட்டிருந்தாருன்னா சொல்லுங்க, அவருக்கும் ஒரு பங்கு குடுக்கிறோம்."

களம் முழுவதும் சிரிப்பு எழுந்தது. குழாயடியில் அவமானப்படுத்திய அதே வாய் இப்போது தமக்காகப் பேசுவதை அம்மாக்கண்ணு கேட்டுக்கொண்டு நின்றார். அழுகை வந்தது. அழவில்லை. பெண்கள் ஒருவரும் கத்தரியைத் தொடாமல் நின்றார்கள். மேலாளர் ஜீப்பில் வந்து இறங்கினார். பழைய வெள்ளைக்காரத் துரைமார் போன பிறகு வந்த நம் நாட்டுக்காரர். ஆயினும் துரை என்ற பட்டம் அவரையும் விடவில்லை. அவர் கூட்டத்தைப் பார்த்தார்; கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"சனிக்கிழமைக்குள்ள அந்த நாய் லயத்துல இருக்கக் கூடாது. எங்க வேணும்னாலும் கொண்டு போங்க. இருந்தா, சுடுவேன்," என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

அன்று மாலை அடுப்பில் கருவாட்டுக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. பெரிய மருத்துவர் ஒப்புக்கொண்டதாக நவமணி பிற்பகலில் வந்து சொல்லியிருந்தார். முட்டைக்கோசைப் பொடியாக அரிந்தபடி, நாயைக் கீழே கொண்டுபோகும் முடிவை அம்மாக்கண்ணு சொன்னார். சிங்காரம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மருந்து தெளித்த கைகளை எத்தனை முறை கழுவியும் வாடை போகவில்லை.

"வேணாம் புள்ள," என்றார். "யாரும் செய்யாத ஒன்ன நம்ம நாய்க்கா செய்யணும்? வயித்தக் கிழிச்சு, கம்பிய விட்டு... ஒரு குண்டுல போயிருச்சுன்னா அதுக்கு வலியாவது இல்ல."

"வயித்தக் கிழிக்கிறதில்லயாம். கழுத்துல சின்ன ஓட்ட போட்டு, அது வழியாத்தான் விடுவாங்களாம்."

"செத்துப் போச்சுன்னா?"

"சனிக்கிழம மட்டும் சாகாதா?"

சிங்காரம் கைகளை மறுபடி முகர்ந்து பார்த்தார்.

"அன்னிக்கு அந்தப் பன்னி நாய் மேல வரலிங்க. என் மேல வந்துச்சு. அது பாயலேன்னா கோணிச்சாக்குல என்னையத்தான் தூக்கிட்டு வந்திருப்பீங்க. அப்ப ஒரு குண்டு போதும்னு சொல்லியிருப்பீங்களா?"

குழம்பு பொங்கி அடுப்பில் வழிந்தது. சிங்காரம் எழுந்து சட்டியை இறக்கி வைத்தார். பிறகு பின்கட்டுக்குப் போய், சாக்கு ஒன்றைத் தேடியெடுத்துக் கழுவத் தொடங்கினார். லாரிப் பலகையில் நாய்க்கு விரிப்பதற்கு அது வேண்டியிருக்கும் என்று அவரே சொன்னார்.

வியாழக்கிழமை காலை, கோலா தெர்லாவிலிருந்து கோஸ் ஏற்றிக்கொண்டு கீழே போகும் ஆண்டியப்பனின் லாரியில் அம்மாக்கண்ணுவும் சொக்கியும் ஏறினார்கள். நவமணி முதல் நாளே போய்விட்டார். சிங்காரம் வேலைக்குப் போகாவிட்டால் இரண்டு பேருக்கும் ஆப்சென்ட் விழும் என்பதால் லயத்திலேயே நின்றார். லாரி வளைவில் மறையும்வரை தூக்கிய கையை இறக்கவில்லை.

கியா பார்ம் கடைகளைக் கடந்து, தானா ராத்தாவைக் கடந்து, தாப்பா செல்லும் வளைவுகளில் லாரி இறங்கியது. ஒவ்வொரு வளைவிலும் சொக்கி தள்ளாடி, அம்மாக்கண்ணுவின் முழங்காலில் முகத்தை முட்டுக்கொடுத்து நின்றது.

"எறங்குற வழி ஒனக்கே தல சுத்துது. நாய்க்கு எப்பிடி இருக்கும்?" என்றார் ஆண்டியப்பன். "ஏன் தங்கச்சி, நாய்க்கு ஆப்பரேசன்னு எங்க மொதலாளி தவுக்கேகிட்ட சொன்னேன். சிரிக்கிறான். மனுசனுக்கே தானா ராத்தா ஆஸ்பத்திரியில பனடோல் மாத்திரதான் குடுக்கிறான், நாய்க்குக் கம்பி வைக்கிறானாங்கிறான்."

"சிரிக்கட்டும் அண்ணே. நீங்க மொள்ள ஓட்டுங்க."

"இதுக்கு மேல மொள்ள ஓட்டினா கோஸு மொளைச்சிரும்."

அறிவிப்பு ஒட்டிய நாளுக்குப் பிறகு அம்மாக்கண்ணு அப்போதுதான் முதன்முதலாகச் சிரித்தார். தாப்பாவின் வெக்கை முகத்தில் அடித்தது. கம்பளிச் சட்டையைக் கழற்றி நாயின் கீழே விரித்தார்.

பெரிய மருத்துவமனையின் மருத்துவர் சீனர்; நரைத்த தலை, மெல்லிய குரல். நவமணி இடையில் நின்று மொழிபெயர்த்தார். மருத்துவர் மேசையின்மேல் அந்தச் சுருளை வைத்தார். பெருவிரல் அகலம்; வளைத்து வளைத்து முடைந்த பளபளப்பான கம்பி. அதை விரல்களால் நசுக்கி ஒரு மெல்லிய குழலுக்குள் தள்ளினார். மறுமுனையில் வெளியே வந்ததும் அது தானாகவே விரிந்து நின்றது.

அம்மாக்கண்ணு அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். "துரு பிடிக்குமா?"

"பிடிக்காதாம்."

"நகருமா?"

நவமணி கேட்டுச் சொன்னார்: "நகரலாமாம். நழுவி நெஞ்சுக்குள்ள போயிருச்சுன்னா நாய் பொழைக்காது. கொழா கிழிஞ்சாலும் பொழைக்காது. மறைக்காம சொல்லச் சொன்னாரு."

"இதுக்கு முன்னாடி எத்தன நாய்க்கு வச்சிருக்காரு?"

"வெளிநாட்டுல இருந்தப்ப, நோவில்லாத நாய்களுக்கு வச்சு சோதிச்சிருக்காராம். நோவு வந்த நாய்க்கு வைக்கிறது இதான் மொத தடவ."

அம்மாக்கண்ணு மருத்துவரின் கைகளைப் பார்த்தார். நடுங்காத கைகள். "சரின்னு சொல்லுங்க," என்றார்.

ஆனால் மருத்துவரின் பார்வை சொக்கியின் கழுத்துக்குப் போயிற்று. வார்ப்பட்டையில் ஒரு பித்தளை வில்லை தொங்கியது. லயத்து நாய்களுக்கெல்லாம் தோட்டத்தின் பேரில்தான் உரிமம் எடுப்பார்கள். வில்லையில் தோட்டத்தின் பெயர் பொறித்திருந்தது. சட்டப்படி இது தோட்டத்து நாய், தோட்டம் சம்மதிக்க வேண்டும் என்றார் மருத்துவர். தொலைபேசியில் பேசினார். நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். வைத்துவிட்டு நவமணியிடம் ஏதோ சொன்னார். நவமணியின் முகம் சிவந்தது.

"என்னா டாக்டரம்மா?"

"அங்கயே ஊசி போட்டுக் கொன்னுரச் சொல்றாராம் ஒங்க மேனேஜர். திருப்பிக் கொண்டு வர வேணாமாம். தோட்டத்து நாயாம், தோட்டம் சொன்னா முடிஞ்சிருச்சாம்."

சொக்கி நின்ற இடத்திலேயே நின்றது, மூச்சு வாங்கியது. அம்மாக்கண்ணு குனிந்தார். கத்தரி பிடித்துக் காய்த்த விரல்களால் வாரின் கொக்கியைத் தேடி அவிழ்த்தார். வில்லையோடு அந்த வாரை மேசையின்மேல், கம்பிச் சுருளுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"தொரையோடது இதுதான். இத அவருக்கு அனுப்பி வச்சிருங்க," என்றார். "கஞ்சி ஊத்தினது நான். அரிசி போட்டது எங்க லயம். பன்னி குத்தினது எனக்காக. இப்ப கழுத்துல ஒன்னுமில்ல. இது என் நாய். எம் பேரு அம்மாக்கண்ணு. நான் சரின்னு சொல்றேன்."

நவமணி ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தார். மருத்துவர் வாரை எடுத்து இழுப்பறைக்குள் போட்டு மூடினார். "மாரி," என்று மலாயில் அம்மாக்கண்ணுவை அழைத்தார். வாருங்கள் என்று பொருள்.

ஊடுகதிரைத் தடுக்க ஈயப் பலகையில் பதித்த கண்ணாடிக்கு இப்பால் அம்மாக்கண்ணுவை நிற்க வைத்தார்கள். அப்பால் சொக்கி மயக்கத்தில் கிடந்தது. கழுத்து மயிரை மழித்து, அங்கே போட்ட சிறு ஓட்டை வழியே மெல்லிய குழலைச் செலுத்தினார்கள். திரையில் விலா எலும்புகள் சாம்பல் நிறத்தில் தெரிந்தன. மருந்து ஏற்றியதும், கீழிருந்து ஒரு கரிய ஓடை எழுந்து மேலே வந்து, ஓரிடத்தில் ஊசிமுனைபோல ஒடுங்கி நின்றது. மிஞ்சியது பக்கங்களில் சின்னச் சின்னக் கோடுகளாகச் சிதறி, வழி தேடி அலைந்தது. மண் சரிந்து வடிகாலான கான் அடைபட்டால் மழைநீர் தேயிலைத் தூர்களுக்கிடையே அப்படித்தான் அலையும். அம்மாக்கண்ணுவுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

குழல் ஒடுக்கத்தைக் கடந்தது. மருத்துவர் மூச்சைப் பிடித்தபடி சிறிது பின்னுக்கு இழுத்தார். சுருள் திரையில் தோன்றியது, பாதி விரிந்தது, நகர்ந்தது. நவமணி கையை வாயில் வைத்துக்கொண்டார். மருத்துவர் அசையவில்லை. சுருள் நின்றது. முழுவதும் விரிந்து, குழாயின் சுவரைப் பற்றிக்கொண்டது. மறுபடி மருந்து ஏற்றினார்கள். கரிய ஓடை எங்கும் நிற்காமல், எங்கும் சிதறாமல், கீழிருந்து நெஞ்சுவரை ஒரே ஓட்டமாக ஓடியது.

"போவுது," என்றார் அம்மாக்கண்ணு. தம் குரல் அவ்வளவு உரத்துக் கேட்கும் என்று அவர் நினைக்கவில்லை. "டாக்டரம்மா, போவுது!"

அடுத்த வாரம் ஆண்டியப்பனின் லாரி வெறும் கூடைகளோடு மலை ஏறியது. உடம்பில் தேங்கிய நீரெல்லாம் சிறுநீராக வெளியேற வேண்டும் என்று மருத்துவர் சொல்லியனுப்பியிருந்தார். சொக்கி அந்தச் சொல்லைத் தவறாமல் நிறைவேற்றியது. பீடோரில் நின்றது, தாப்பாவில் நின்றது, மலைச்சாலையில் வளைவுக்கு வளைவு நின்றது.

"தங்கச்சி, இது நாயா, இல்ல தண்ணி லாரியா? இப்பிடி நிப்பாட்டினா நான் எப்ப ஊரு போயிச் சேர்றது?"

"நிப்பாட்டுங்க அண்ணே. அது போறதப் பாத்தா எனக்குச் சந்தோசமா இருக்கு."

"ஒனக்குச் சந்தோசம். பின்னாடி கூடையெல்லாம் யாரு கழுவுறது?" என்று வைதார் ஆண்டியப்பன். வைதுகொண்டே அடுத்த வளைவில் தாமாகவே நிறுத்தினார்.

லயத்து முனையில் சிங்காரம் நின்றார். நாய் தானே இறங்கி அவரிடம் நடந்தது. அவர் குனிந்து அதன் வயிற்றைத் தடவினார். தளர்ந்த தோல் கையோடு வந்தது. வீட்டுக்குள் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். காளியம்மா மட்டும் தெருவெல்லாம் கேட்கும்படி, "எங்க அரிசி வந்துருச்சு லா!" என்று கூவினார்.

சனிக்கிழமைகள் வந்து போயின. துப்பாக்கி வரவில்லை. லயத்துப் பெண்கள் அத்தனை பேரும் வாசலில் உட்கார்ந்திருக்கையில் அதைத் தூக்கிக்கொண்டு வருவதற்கு ஆள் கிடைக்கவில்லை என்பதே காரணம்.

சித்திரையில் ஒரு நாளிதழ் சொக்கியின் படத்தை வெளியிட்டது. நாட்டில் இப்படிப் பிழைத்த முதல் நாய் என்று எழுதியது. யாருடைய நாய் என்ற இடத்தில், மேலாளரின் நாய் என்று எழுதியது. நெஞ்சு பொறுக்காத பொய் இது. மறுநாளே தங்கையா புதிய சிவப்பு வாரோடும் புதிய வில்லையோடும் லயத்துக்கு வந்தார்.

"தொரை பங்களாவுக்குக் கம்பெனி ஆளுங்க வந்திருக்காங்க. போட்டோ எடுக்கணுமாம். நாய இதப் போட்டுக் கூட்டிட்டு வரச் சொன்னாரு."

அம்மாக்கண்ணு வாசலில் கோதுமை மாவு சலித்துக்கொண்டிருந்தார். சலிப்பதை நிறுத்தவில்லை.

"நாயப் பாக்கணும்னா லயத்துக்கு வரச் சொல்லுங்க, கிராணியாரே. வழி தெரியும் அவருக்கு. காயிதம் ஒட்ட ஆள் அனுப்பின வழிதானே?"

"நான் எப்பிடிம்மா இத அவருகிட்ட போய்ச் சொல்றது?"

"நான் சொன்ன மாதிரியே சொல்லுங்க. ஒரு வார்த்த கொறைக்காம."

தங்கையா வாரைச் சுருட்டிக் கால்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். அவர் முதுகு சிரிப்பில் குலுங்கியதைக் காளியம்மா பார்த்தார்.

மழை பெய்து விட்டிருந்தது. சற்று நேரத்தில் மேட்டுப் பாதையில் பளபளக்கும் தோல் சப்பாத்துகள் தெரிந்தன, வழுக்கின, மறுபடி ஊன்றின. மேலாளர் முன்னால் வந்தார். கம்பெனியின் பெரிய மனிதர்கள் ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொண்டு பின்னால் வந்தார்கள். சொக்கி எழுந்து ஒரு முறை குரைத்தது. மேலாளர் வாசலுக்கு வெளியே நின்றார். உள்ளே வரலாமா என்று கேட்டார். இருபது ஆண்டுகளில் அந்த வாசலில் ஒரு துரை அப்படிக் கேட்டது அதுவே முதல் முறை.

அம்மாக்கண்ணு எழுந்தார். கையிலிருந்த மாவை முந்தானையில் துடைத்தார். நாயின் வெறுங்கழுத்தில் கையை வைத்துக்கொண்டு, "வாங்க," என்றார்.

இதைப் படிக்கும் நீங்களும் மேற்பிரிவுக்கு வாருங்கள். லாரி வரும், ஏறிக்கொள்ளுங்கள். பங்களாவில் விசாரிக்காதீர்கள், லயத்துக்கு நேரே நடந்து வாருங்கள். வாசலுக்கு வெளியே நின்று அம்மாக்கண்ணு என்று பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். இது யாருடைய நாய் என்று அவரையே கேளுங்கள். அவர் சொல்லும் விடையை ஊருக்குத் திரும்பியதும் நான்கு பேருக்காவது சொல்லுங்கள். பிழையாக அச்சிட்டவர்களுக்கு உங்கள் கைப்பட எழுதுங்கள். அதுவரை அந்த நாயைத் தொடாதீர்கள்.